ஒரு மதிப்பெண்ணும் மலைக்கோரையும்

2009-ஆம் ஆண்டு. இளங்கலைத் தமிழ் முதலாமாண்டு மாணவர்களின் அகமதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. சிவப்பு மையின் மேல் நமக்கு அளவற்ற நம்பிக்கை இருந்த காலம். குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை எழுதுமாறு ஒரு வினா. வேங்கை, கோங்கு, காந்தள், தேன், தினை, அருவி, சுனை என்று முறையாக எழுதிக்கொண்டு வந்த ஒரு மாணவி, சுனை என்பதற்குப் பக்கத்தில் ‘கோரை’ என்றும் எழுதியிருந்தாள். நாம் அதனை அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தோம். ஓரத்தில், ‘கோரை மருதம், நெய்தல்’ என்று திருத்தமும் எழுதினோம்.

அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நாம் பிறந்து வளர்ந்தது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை அது. கோலட் பேட்டை என்பது நம் மக்களின் நாவில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. 2021-இல் மெட்ரோ ரயில் வந்தபோது நிலையத்துக்கும் அப்பெயரே வாய்த்தது. இன்று அந்தப் பெயரைப் படிக்கிறவர்கள் எந்தத் திருவடியோ பதிந்த இடம் போலும் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும், கோலட்டுக்கு அதனால் நட்டமில்லை.

வீட்டில் கட்டில் கிடையாது. ஐந்து பேருக்கும் கோரைப்பாய். தொழிற்சாலை இரவுப்பணி முடிந்து காலையில் வரும் அப்பா, சுருட்டி வைத்த பாயைத் தாமே விரித்துக்கொண்டு பகலெல்லாம் உறங்குவார். எழும்போது முதுகில் கோரையின் வரிவரியான தடம் இருக்கும். அந்தக் கோரை காவிரிக் கரையில் முசிறிப் பக்கத்திலிருந்தோ வேலூர்ப் பக்கத்திலிருந்தோ (நாமக்கல் மாவட்டத்து வேலூர்) வந்திருக்கும் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தவை. அன்று நமக்குத் தெரிந்த கோரை, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் மணலிக்குப் போகும் வழியிலிருந்த பள்ளங்களிலும் இடுப்பளவு நின்ற கோரைதான். மழைக்காலம் முடிந்ததும் ஆயா அதில் நாலைந்து தண்டுகளை உருவிக்கொண்டு வருவாள். நகத்தால் கீறிப் பிளந்து, மடித்து, முடிந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பொம்மை செய்து தங்கையின் கையில் கொடுப்பாள். இரண்டு நாளில் அது காய்ந்து மஞ்சளாகும், தங்கை அழுவாள், ஆயா வேறொன்று செய்வாள்.

முதுகலை படிக்கும்போது ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில், அம்மூவனார் பாட்டொன்றில், கோரையால் முடைந்த பாவையைத் தன் பிள்ளையாகப் பெற்றிருப்பதாகச் சொல்லும் ஒரு பெண்குரலைச் சந்தித்தோம். உரைகாரர் பலவாறு விளக்குவர். நமக்கு வகுப்பறையிலேயே ஆயாவின் நகம் தெரிந்தது. கோரை என்றால் நெய்தல் என்று நம் மனத்தில் ஆணி அடித்தது போல் பதிந்ததற்கு அந்த நகமும் ஒரு காரணம். நூலறிவும் பிறந்த ஊரும் ஒன்றையே சொல்லும்போது ஒருவனுக்கு ஐயம் எங்கிருந்து வரும்?

அம்மாணவி விடைத்தாளோடு துறைக்கு வந்தாள்.

“ஐயா, குறிஞ்சியில கோரை எழுதுனதுக்கு அடிச்சிருக்கீங்க.”

“வயலும் கழியும்தானே அம்மா அதன் இடம்? மலைக்கு அது எப்படி வரும்?”

“எங்க பாட்டி ஊர் மலை மேலதான் ஐயா இருக்குது. கோத்தகிரிக்கு மேல. அங்க நெறைய இருக்கு. சுனைன்னு நீங்கதான் பாடத்துல சொன்னீங்க. சுனை இருந்தா அதைச் சுத்தி என்ன இருக்கும்?”

நல்ல கேள்வி. நாம் சொன்ன விடை நல்ல விடை அன்று. “நூலில் உள்ளதை எழுது” என்று சொன்னோம். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இதில் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு: ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் மற்றொரு நிலத்திலும் வரலாம் என்று இடம் கொடுக்கும் தொல்காப்பிய நூற்பாவை அதே வகுப்புக்கு அதே மாதத்தில்தான் நடத்தியிருந்தோம். தொல்காப்பியருக்கு இருந்த தாராளம் நமக்கு இல்லை.

அவள் தந்தை சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த படுகர். ஓய்வுபெற்றதும் குடும்பம் மலைக்குத் திரும்பிவிட்டது. அவளும் படித்து முடித்து அங்கேயே ஒரு பள்ளியில் தமிழாசிரியை ஆனாள். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வாழ்த்து வரும். 2023 டிசம்பர் இறுதியில் வாழ்த்துக்கு முன்பாகவே தொலைபேசி வந்தது. “ஐயா, அந்தக் கோரையைப் பாக்கணும்னா இந்தத் தடவை வந்துடுங்க. அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியல.”

பதினான்கு ஆண்டுகளாக அவளும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரியில் போனோம். ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்திருந்தது. ஹட்டியில் வெள்ளை உடை உடுத்த முதியவர்கள் இன்னும் உறவினர் வீடுகளில் தங்கியிருந்தார்கள். தொட்டபெட்டாவின் கிழக்குச் சரிவில், இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில், தேயிலைக்கும் ஒரு சிறு சோலைக்கும் இடையில் கிண்ணம் போல் ஒரு பள்ளம். காலை ஏழு மணி. பள்ளத்தின் அடியில் மட்டும் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. பத்தடி மேலே ஏறினால் வெறும் ஈரம்தான். குளிர்ந்த காற்று நீரைப் போலவே கனத்துச் சரிந்து பள்ளத்தில் தேங்கும் என்று அவள் விளக்கினாள். அந்தக் குளிரில் சோலை மரங்களின் இளங்கன்றுகள் கருகிவிடும். ஆகவே மரம் பள்ளத்தில் இறங்குவதில்லை. அங்கே நிற்கத் துணிந்தவை கோரையும் அதன் கூட்டாளிகளும்தான்.

“தண்டைப் புடிச்சு உருட்டிப் பாருங்க ஐயா.”

உருட்டினோம். உருளவில்லை, விரலில் மூன்று விளிம்புகள் இடறின. புல்லின் தண்டு உருண்டை, பெரும்பாலும் உள்ளே வெற்றிடம், இடையிடையே கணு. இதுவோ முக்கோணம், உள்ளே நிறைவு, பூந்தண்டில் கணுவென்று எதுவும் தட்டுப்படாது. புல்லின் இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக ஏறும். கோரையின் இலைகள் மூன்று வரிசையில். கோரைப்புல் என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. புல்லும் கோரையும் வேறு வேறு குடும்பம் என்பதை நாற்பது கடந்து, முழங்கால் வரை சேற்றில் நின்று கற்றுக்கொண்டோம்.

அது நம் ஊர்க் கோரையும் அன்று. சமவெளிக் கோரை, முத்தக்காசு, பத்தமடைப் பாய்க்கோரை எல்லாம் சைப்பரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. முத்தக்காசின் கிழங்கு சித்த மருந்தில் சேர்கிறது. உலகின் மிகக் கொடிய களைகளுள் ஒன்று என்றும் அது பெயர் வாங்கியிருக்கிறது. மலையில் நாம் பிடித்து உருட்டியது காரெக்ஸ். உலகில் ஏறத்தாழ 2000 இனங்கள் கொண்ட பெருங்கூட்டம் அது. பெரும்பாலும் வடதுருவத்தை நோக்கிய குளிர்நாடுகளில் வாழ்வது. தமிழ்நாட்டில் அது நீலகிரி, பழனி போன்ற உயர்மலைகளை நம்பியே இருக்கிறது. அதன் விதையைக் குடுவை போன்ற ஒரு சிறு உறை முழுதும் மூடியிருக்கும். காரெக்ஸை இனங்காண அந்த உறையைத்தான் பார்ப்பார்களாம்.

சோலை விளிம்பில், ஓடை இறங்கும் இடத்தில், அந்த உறைகள் செக்கச்செவேலென்று பழுத்து மணிக்கொத்தாகத் தொங்கும் ஓர் இனம் நின்றது. காரெக்ஸ் பக்கான்ஸ். பழம் போலிருக்கும், பழமன்று. ராபர்ட் வைட் 1834-இல் வெளியிட்ட இந்தியத் தாவர நூலில்தான் அப்பெயர் முதன்முதலில் அச்சேறியது. அந்நூலில் கோரைக் குடும்பத்தை எழுதிக் கொடுத்தவர் நீஸ் ஃபான் எசன்பெக் என்னும் ஜெர்மானியர். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) பேராசிரியர். உலர்ந்து தட்டையான செடிகள் கப்பலேறிப் போயிருக்கின்றன. முகிலில் பிறந்தது என்று பொருள்படும் நூபிஜினா என்னும் பெயருள்ள காரெக்ஸும் இம்மலைகளில் உண்டு. வைத்தவர் யாராயினும் கவிதை அறிந்தவர்தாம்.

நம் பழம் புலவர்கள் ஏன் இதனைப் பாடவில்லை என்று அவளிடம் கேட்டோம். “பாடுனாங்களோ என்னமோ, நமக்குக் கெடைச்சது அவ்வளவுதான்” என்றாள். அதற்கு மேல் ஆசிரியர் என்ன சொல்ல? நமக்குத் தோன்றியது வேறு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99-ம் பூக்கள். கோரைக்கும் பூ உண்டு. ஆனால் அதைப் பறித்துத் தொடுக்க எந்தத் தலைவியும் குனிய மாட்டாள்.

அப்பள்ளத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்ல நடந்து பார்த்தோம். மேல் விளிம்பில் சோலை. அதன் ஓரத்தில் காட்டுப்பூவரசு, ஒன்றிரண்டு சிவந்த பூங்கொத்துகளோடு. சற்று இறங்கினால் புல்வெளி. அதனிடையே குறிஞ்சிப் புதர்கள். 2006-லும் 2018-லும் பூத்தவற்றின் வழிவந்தவை. இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். ஈரம் தொடங்கும் கோட்டில் அழுகண்ணி வளரும் இடத்தை அவள் காட்டினாள்; அந்தப் பருவத்தில் செடி இல்லை. மழைக்காலத்தில் இலை நுனிகளில் பசைத்துளி ஏந்திச் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடி அது. சதுப்பு மண்ணில் நைட்ரஜன் குறைவு. பூச்சியிலிருந்துதான் பெற வேண்டும். இன்னும் இறங்கினால் வெள்ளைப் பொத்தான் போன்ற தலைகளோடு குட்டைச் செடிகள், எரியோகாலான் என்பார்கள். நீர் கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியில் கோரை மட்டும், திட்டுத்திட்டாக, ஒவ்வொரு திட்டும் ஒரு மோடா போல். திட்டின் மேல் கால் வைத்தால் தாங்கும். இடையில் வைத்தால் தொடை வரை போகும். நாம் இடையில் வைத்தோம்.

தோடர் கோயில்களின் வளைந்த கூரைக்கு வேயும் புல்லும் இத்தகைய சதுப்பில் வளர்வதுதான். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் கையேடு எழுதிய ரங்காச்சாரியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. இப்பள்ளத்தில் அது இல்லை. அவள் பாட்டி காலத்தில் இருந்ததாம்.

நீருக்கடியில் காற்றில்லை. கோரையின் வேர் பிழைப்பதற்குக் காரணம், இலையிலிருந்து வேர் வரை அதன் உடம்புக்குள் ஓடும் காற்றறைகள். மேலே மூச்சிழுத்துக் கீழே அனுப்பும். ஆனால் செத்து விழுந்த இலையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் இலை முழுதும் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, கறுத்து, முற்றா நிலக்கரியாகிறது. நீலகிரியின் இப்படிவுகளை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் ஆர். சுகுமாரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். செடிகள் காற்றிலுள்ள கரியை உண்பதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. வெப்பமும் வறட்சியும் மிக்க இடத்துப் புற்கள் பல ஒரு வழியிலும், மரங்களும் குளிர்ந்த ஈரநிலத்துச் செடிகளும் வேறொரு வழியிலும் உண்கின்றன. காரெக்ஸ் இரண்டாம் வகை. நம் வீட்டு வாசலில் முளைக்கும் முத்தக்காசு முதல் வகை. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு சமையல். உண்ட முறை கரியின் எடை விகிதத்தில் தடம் விட்டுப்போகும். செத்த பின்னும் அழியாது. அந்தத் தடத்தைக் கொண்டு 20,000 ஆண்டுகளின் மழையைப் படித்திருக்கிறார்கள். பனியுகத்தின் உச்சத்தில் இம்மலை வறண்டிருந்தது. பின்னர் பருவமழை பெருகியது. நாம் ஓலைச்சுவடியைப் பெரிதாகப் பேசுகிறவர்கள். சில நூறு ஆண்டுக்கு மேல் நம் ஓலைகள் தாங்குவதில்லை. தொடை வரை புதைந்த காலை இழுத்துக்கொண்டே இதனை எண்ணினோம்.

பள்ளத்தின் கீழ்ப்புறத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். கறுத்த மண் இருபுறமும் குவிந்து கிடந்தது. அதைக் காட்டத்தான் அவள் நம்மை அழைத்திருக்கிறாள்.

வெட்டியவர் அவள் தந்தை.

பசுந்தேயிலைக்கு விலை இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் விழுந்த விலை சிறு விவசாயியைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு மீண்டும் எழவே இல்லை. நீரை வடித்துவிட்டால் இந்தக் கறுப்பு மண்ணில் கேரட் அள்ளிக் கொடுக்கும். பக்கத்துப் பள்ளங்களில் கொடுத்திருக்கிறது. அவருக்குக் கடன் இருந்தது. மகனுக்குக் கோவையில் கல்லூரிக் கட்டணம் இருந்தது. மகளோ வடித்த மண்ணுக்குள் காற்றுப் புகுந்து அது தன்னைத் தானே தின்று சுருங்கிவிடும், சில ஆண்டு விளைச்சலுக்குப் பிறகு ஒன்றும் இராது, கோடையில் கீழே ஊற்றும் வற்றும் என்கிறாள். வீட்டில் மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆசிரியர் வந்து சொன்னால் அப்பா கேட்பார் என்று அவள் நம்பியிருக்கிறாள். இது நமக்குப் பள்ளத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டோமோ என்னவோ.

இரவு உணவின்போது பேச்சை எடுத்தோம். 1993, பனியுகம், 20,000 ஆண்டு என்று விளக்கினோம். ஊட்டி ஏரியை ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டியதும், அதில் ஒரு பகுதி பின்னாளில் குதிரைப் பந்தயத் திடலாகவும் பேருந்து நிலையமாகவும் போனதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் எல்லாம் சொன்னோம். நன்றாகவே பேசியதாக நினைவு. அவர் சாமைச் சோற்றைப் பிசைந்தபடி முழுதும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“சார், நீங்க திருவொத்தியூர்ப் பக்கம்தானே? நான் இருபத்தாறு வருஷம் ஹார்பர்ல இருந்தவன். ஞாயித்துக்கிழமையானா எண்ணூர்க் கழியில இறால் வாங்கப் போவோம். இப்ப அங்க என்ன இருக்குது?”

நாம் வாய் திறக்கவில்லை. அவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் முழுதும் படர்ந்து ஒரு மாதம்கூட முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றன. அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை மேடாக்கிக்கொண்டிருந்தது. ஆயா கோரை உருவிய பள்ளங்களில் சரக்குப் பெட்டக லாரிகள் நிற்கின்றன. எப்போது தூர்த்தார்கள் என்று கேட்டால் நமக்கு ஆண்டு சொல்லத் தெரியாது. அன்றாடம் அவ்வழியே கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். பையில் ஐங்குறுநூறும் இருந்திருக்கும்.

“உங்க தண்ணியை நீங்க வச்சுக்க முடியல. எங்கிட்ட வந்து வச்சுக்கோன்னு சொல்றீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

“அப்பா!” என்றாள் மகள். மூன்று மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதற்சொல் அதுதான் என்று பிறகு அம்மா சொன்னார்.

“அவர் சொல்வது சரி” என்றோம். பின் ஏன் சொன்னோமோ தெரியவில்லை, 2009-இல் குறைத்த மதிப்பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னோம். மலையில் கோரை இல்லையென்று அடித்ததையும், அவள் தாளோடு வந்து கேட்டதையும், நாம் சொன்ன விடையையும். அவர் சிரித்துவிட்டார். “அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதா சார். அம்மாவோட ஊரையே இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னு.”

நமக்குத் தெரியாது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நாம் புறப்படும்போது அவர் மண்வெட்டியோடு பள்ளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வெட்டவா மூடவா என்று கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை. கோத்தகிரி வரை பேருந்தில் உடன் வந்த அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இறங்கும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிறு பொதியைக் கொடுத்தாள். காரெக்ஸின் சிவந்த கொத்து ஒன்று. சென்னை வந்து சேர்வதற்குள் மணிகள் பாதி உதிர்ந்திருந்தன. மீதியை ஐங்குறுநூற்றுக்குள் வைத்திருக்கிறோம், பக்கம் கறைபட்டுவிட்டது.

ஜூலையில் அவளே அழைத்தாள். தென்மேற்குப் பருவமழையில் வாய்க்காலின் ஒரு கரை இடிந்து தானே தூர்ந்துவிட்டதாம். நீர் மறுபடி நிற்கிறதாம். அப்பா மீண்டும் வெட்டவில்லை.

“மனசு மாறிட்டாரா அம்மா?” என்று கேட்டோம்.

“தெரியல ஐயா. கூலிக்கு ஆள் கெடைக்கல. கேரட்டும் இப்ப விலை இல்ல” என்றாள். பிறகு, “எங்கிட்ட பேசுறார்” என்றாள்.